பிளம்ஸ் டின்னும் ஒரு விரல் துணியும்

பார்சல்காரர் கீழ்வீட்டு மணியை அடித்தால் மேல்வீட்டில் தையல் மெஷின் நின்றுவிடும். மாதத்துக்கு ஒரு முறை இது நடக்கும். சின்னவள் மிதிபலகையிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஊசியைத் துணியில் குத்தியபடியே விட்டுவிட்டு, காதை மட்டும் படிக்கட்டுப் பக்கம் அனுப்புவாள். கீழே கதவு திறக்கும். பெரியவள் கையெழுத்துப் போடுவாள். பிறகு அட்டைப்பெட்டியைக் கிழிக்கும் சத்தம். அந்தச் சத்தம் சின்னவளுக்குக் காதில் கேட்காது, அடிவயிற்றில் கேட்கும்.

பெட்டிக்குள் தங்கமா இருக்கிறது? உலர்ந்த பிளம்ஸ் பழம், ஒரு டின். கறுத்துச் சுருங்கி, பிசுபிசுவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். சும்மா கொடுத்தால்கூட யோசித்து வாங்குகிற லட்சணம். இதற்குப் போய் ஒருத்தி வயிறெரிவாளா என்று கேட்டால், எரிவாள். பழத்துக்காக இல்லை, பெட்டிமேல் ஒட்டியிருக்கும் விலாசத்துக்காக. பெரியவளின் மகள், வேறொரு ஊரில் பல் டாக்டராக இருப்பவள், அம்மாவின் பெயரைத் தன் கையாலேயே எழுதி அனுப்புகிறாள்.

இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வாழ வந்தவர்கள். அண்ணனும் போய்விட்டார், தம்பியும் போய்விட்டார். கீழும் மேலுமாக வீடு இரண்டாகி, ஓரகத்திகள் மட்டும் மிச்சம். பெரியவள் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்றே காலம் தள்ளியதால், இந்த வயதிலும் முதுகு நட்டுவைத்த மாதிரி நிற்கும். சின்னவள் தையல்காரி. குனிந்தே காலம் தள்ளியவள். அவள் முதுகு எந்தப் பக்கம் போகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எலும்பு டாக்டரிடம் இருவரும் ஒன்றாகத்தான் போனார்கள். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இருவருக்குமே எலும்பு கரைய ஆரம்பித்திருக்கிறது, மேல்வீட்டம்மாவுக்குக் கொஞ்சம் அதிகம் என்றார். அதில் மட்டும் முதலிடம் தனக்கு வந்ததை நினைத்துச் சின்னவள் பல்லைக் கடித்தாள். டாக்டர் மாத்திரை எழுதினார், நடக்கச் சொன்னார், விழாமல் இருக்கச் சொன்னார். கடைசியில், "தினம் அஞ்சாறு உலர்ந்த பிளம்ஸ் சாப்பிட்டுப் பாருங்க. வயசான பொம்பளைங்களுக்கு எலும்பு கரையறது கொஞ்சம் மட்டுப்படுதுன்னு சொல்றாங்க. மாயமெல்லாம் ஒண்ணும் இல்ல. அதை நம்பி மாத்திரையை விட்டுடாதீங்க," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பெரியவள் மகளிடம் போனில் சொன்னாள். அடுத்த வாரமே டின் வந்து இறங்கிவிட்டது. சின்னவளும் மகனிடம் போனில் சொன்னாள். அவன் லாரி ஓட்டுகிறவன், எந்நேரமும் ஏதாவது ஒரு சாலையில் இருப்பான்.

"பழம்தானேம்மா? தெருமுனைக் கடையிலேயே கிடைக்குமே. வாங்கிச் சாப்பிடு," என்றான்.

கிடைக்கும். அது சின்னவளுக்குத் தெரியாதா? கடைக்குப் போய்த் தானே வாங்கினால் அது வெறும் பழம். ஒருவர் நினைத்துப் பார்த்து அனுப்பினால் அதன் கதையே வேறு. இதை மகனுக்கு எப்படி விளக்குவது? விளக்கி வாங்கினால் அதிலும் ஒன்றுமில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டாள்.

பெரியவள் கஞ்சத்தனம் பிடித்தவள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். முதல் டின்னைத் திறந்ததுமே மேலே எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள்.

"இந்தா, நீயும் எடுத்துக்க. தினம் காலையில வா, சேர்ந்து சாப்பிடலாம்."

"வேண்டாங்க்கா," என்றாள் சின்னவள். "எனக்கு இதெல்லாம் வயித்துக்கு ஒத்துக்காது."

அந்தப் பழத்தை அவள் வாழ்நாளில் வாயில் வைத்ததில்லை. வீம்பு வாயை முந்திக்கொண்டது. சொன்ன பிறகு அதை எப்படித் திரும்ப வாங்குவது? ஒவ்வொரு டின் வரும்போதும் பெரியவள் கேட்பாள், "இப்பவும் ஒத்துக்காதா?" சின்னவளும் வயிற்றைத் தடவிக்கொண்டு, "எங்கக்கா, நெனச்சாலே பொருமுது," என்பாள். அதில் மட்டும் பொய் கிடையாது. நினைத்தாலே பொருமத்தான் செய்தது.

மத்தியான டீ மட்டும் இருவருக்கும் மேல்வீட்டில்தான். பெரியவள் படியேறி வந்து வாசலில் நின்று, "உள்ள இடம் இருக்கா?" என்று பழைய தொழில் குரலில் கேட்பாள். துணிக்குவியலை ஒதுக்கி நாற்காலியைக் காட்டுவாள் சின்னவள். டீ முடிந்ததும் பெரியவள் தம்ளரை வைத்துவிட்டு, "ரைட், போகலாம்," என்று எழுந்து, கைப்பிடியைத் தொடாமல் படியிறங்குவாள். தொடாமல் இறங்குவதை அவள் பெருமைக்குச் செய்யவில்லை. சின்னவள் கண்ணுக்கு மட்டும் அது பெருமையாகத் தெரிந்தது.

இப்படிப் புகைந்துகொண்டிருந்தது பற்றிக்கொண்டது மருந்துக் கடையில். மாத்திரை வாங்கப் போன சின்னவளிடம் கடைப்பெண் சிரித்த முகமாக, "இப்பதான் உங்க தங்கச்சி வந்துட்டுப் போனாங்க," என்றாள்.

"எனக்கு ஏது தங்கச்சி?"

"அதான், உங்க கீழ்வீட்டுல இருக்காங்களே. என்னமா நிமிர்ந்து நடக்கறாங்க. அவங்க உங்க தங்கச்சி இல்லையா?"

"இல்ல," என்றாள் சின்னவள். "எனக்கு மூத்தவங்க."

கடைப்பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அது இன்னும் மோசம். மாத்திரையை வாங்கிக்கொண்டு வீடு வந்து சேரும்வரை சின்னவளுக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. வந்ததும் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துத் தன்னையே அளந்து பார்த்தாள். பின்கழுத்திலிருந்து தரைவரை, கதவில் சாய்ந்து நின்று, பென்சிலால் கோடு போட்டு. தன் பழைய அளவு அவளுக்கு மனப்பாடம். அதில் ஒரு விரல் குறைந்திருந்தது. ஊருக்கெல்லாம் அளவு எடுத்தவள் தன் அளவு தேய்வதைத் தானே பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, அதுவும் கீழ்வீட்டின் மேல்.

அன்றைக்குப் பார்த்துத்தானா பெரியவள் தன் சாம்பல்நிற நீளக் கவுனைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும்? கீழ் ஓரத்தில் ஒரு சாண் தையல் விட்டிருந்தது. "சாவகாசமா தைச்சுக் குடு," என்று வைத்துவிட்டுப் போனாள்.

அந்தக் கவுன் சின்னவள் தைத்ததுதான். ஓரத்தில் நான்கு விரல் துணியை உள்ளே மடித்து வைத்திருந்தாள், பின்னால் உதவுமே என்று. விட்ட தையலைப் போட உட்கார்ந்தவள், மீதித் தையலையும் பிரித்தாள். சுற்றிலும் ஒரு விரல் துணியை வெளியே இழுத்துவிட்டாள். மறுபடி மடித்துத் தைத்தாள். பழைய மடிப்பின் கோடு காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் வினிகர் கலந்த தண்ணீரைத் தெளித்து, சூடாக இஸ்திரி போட்டாள். கோடு இருந்த இடம் தெரியாமல் போனது. கெட்ட வேலையையும் சுத்தமாகத்தான் செய்தாள், கை பழகிய கை ஆயிற்றே.

"என்னடி, புளிப்பு வாடை அடிக்குது?" என்றாள் பெரியவள், கவுனை மூக்கருகே வைத்து.

"ஓரத்துல கறை இருந்துச்சு. வினிகர் போட்டுத் துடைச்சேன்."

பெரியவள் உடுத்திக்கொண்டு வந்தாள். நடந்தாள். நின்று கீழே பார்த்தாள். கணுக்காலோடு நின்ற துணி இப்போது பாதத்தின்மேல் விழுந்துகிடந்தது.

"நீளமா இருக்கிற மாதிரி இல்ல?"

"விட்ட தையலைத்தான்க்கா போட்டேன்."

"துணி நீண்டுருக்குமோ?"

"பருத்தி சுருங்கும்க்கா. நீளாது."

அதற்குமேல் சின்னவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெரியவள் முகத்தில் கணக்கு ஓடி முடிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ பேருக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தவள், இந்தக் கணக்கைத் தப்பாகப் போட்டுக்கொண்டாள். துணி நீளவில்லை என்றால் தான் குறைந்திருக்க வேண்டும்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நீலக் கவுன் பட்டன் வைக்க வந்தது, அதன் ஓரமும் இறங்கியது. பழுப்புக் கவுனைச் சின்னவள் தானே கேட்டு வாங்கி, அக்குளில் நைந்திருக்கிறது என்று சாக்குச் சொல்லி, அதையும் இறக்கினாள். மூன்றாவது கவுனைப் போட்டுப் பார்த்த அன்று பெரியவள் மேலே வந்து கதவோரமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

"என்னை ஒரு தடவை அள."

"எதுக்குக்கா?"

"டாக்டர் மெஷின் தப்பா சொன்னாலும் சொல்லும். உன் டேப்பு சொல்லாது. அள."

சின்னவள் பின்கழுத்தில் டேப்பை வைத்தாள், முட்டி போட்டுத் தரைவரை இழுத்தாள். போன வருஷம் என்னவோ அதே அளவு. ஒரு நூல்கூட அசையவில்லை. மண்டியிட்டபடி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழம் தின்கிறாள், மகள் அனுப்புகிறாள், முதுகும் நிற்கிறது. எல்லாம் இவளுக்கே.

"கொஞ்சம் கம்மியாத்தான் இருக்குக்கா," என்றாள், தரையைப் பார்த்து.

பெரியவள் தலையாட்டினாள். டீ குடிக்காமல் இறங்கினாள். இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். சின்னவளுக்கு அன்றைக்குச் சோறு ருசித்தது. மறுசோறு போட்டுக்கொண்டாள், வெட்கத்தை விட்டு உண்மையைச் சொன்னால்.

பெரியவள் சும்மா இருக்கிற ஆளா? ஐந்து பழம் போதவில்லை என்று பத்தாக்கினாள், பத்தைப் பதினைந்தாக்கினாள். உலர்ந்த பிளம்ஸ் எலும்புக்கு என்ன செய்யுமோ, வயிற்றுக்கு என்ன செய்யும் என்பதை அது உடனே காட்டிவிட்டது. எல்லா ரூட்டிலும் ஓடிய கண்டக்டர் இப்போது ஒரே ரூட்டில் ஓடிக்கொண்டிருந்தாள், கட்டிலிலிருந்து கழிவறைக்கு, கழிவறையிலிருந்து கட்டிலுக்கு. மேலே உட்கார்ந்து தண்ணீர் ஊற்றும் சத்தத்தைக் கேட்டுக்கேட்டுச் சின்னவள் துணியால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

சிரிப்பு ரொம்ப நாள் ஓடவில்லை. பெரியவள் காலை நடையை நிறுத்திவிட்டாள். விழுந்தால் எலும்பு நொறுங்கும் என்ற பயம். வீட்டுக்குள்ளேயே சுவரைத் தடவித் தடவி நடந்தாள். கவுனின் நீளம் காலில் தட்டும்போதெல்லாம் நின்று மூச்சு வாங்கினாள். நிமிர்ந்தே பழகிய உடம்பு பயத்தில் தானாகக் குனிய ஆரம்பித்தது. மத்தியானத்தில் படிக்கட்டில் சத்தம் இல்லை. சின்னவள் பழக்கதோஷத்தில் இரண்டு தம்ளர் டீ போட்டாள். இரண்டையும் தானே குடித்தாள். "உள்ள இடம் இருக்கா?" என்று கேட்க ஆளில்லாத வீட்டில் இடம் மட்டும் ஏராளமாக இருந்தது.

கீழே போய் எட்டிப் பார்த்தால் பெரியவள், "வாடி," என்பாள். திட்டமாட்டாள், புலம்பவும் மாட்டாள். "கரைஞ்சுக்கிட்டே வரேன் போலிருக்கு," என்று மட்டும் ஒரு நாள் சொன்னாள். சின்னவள் சொல்லிவிடத்தான் நினைத்தாள். இப்போது சொன்னால் எந்த மூஞ்சியோடு மறுபடி இந்தப் படியிறங்கி வருவது? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். நாளைக்கும் தள்ளிப்போட்டாள்.

அதற்குள் பல் டாக்டர் வந்து இறங்கிவிட்டாள், காரும் கையுமாக. வந்த வேகத்திலேயே முடிவெடுத்துவிட்டாள். அவள் குரல் அம்மாவின் குரல், மேல்வீடு வரைக்கும் தெளிவாக வரும்.

"சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறீங்க. ராத்திரியில விழுந்து கெடந்தா யாரு பார்ப்பாங்க? வீட்டைப் பூட்டிட்டு என்னோட வந்துடுங்க. இனிமே அங்கதான்."

பெரியவள் பதில் சொல்லட்டும் என்று சின்னவள் காத்திருந்தாள். முடியாது என்பாள், வேலையைப் பார்த்துக்கொண்டு போ என்பாள். பெரியவள் எப்போதும் அப்படித்தான்.

"சரி," என்றாள் பெரியவள்.

சின்னவள் மெஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது இது இல்லை. பெரியவள் கொஞ்சம் குனிய வேண்டும், அவ்வளவுதான். போய்விட வேண்டும் என்று யார் கேட்டது? வாழ வந்த நாளிலிருந்து பார்த்துப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரே ஆள் அவள். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் யாரைப் பார்த்து வயிறெரிவது, யாருக்கு டீ போடுவது? பூட்டிய கீழ்வீட்டின் மேல் ஒற்றை ஆளாக உட்கார்ந்து மெஷின் மிதிப்பதை நினைத்தபோது அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

விறுவிறுவென்று கீழே இறங்கினாள். "பெட்டி கட்டறதுக்கு முன்னாடி கவுனெல்லாம் குடுங்கக்கா, இஸ்திரி போட்டுத் தரேன்," என்றாள். சாம்பல், நீலம், பழுப்பு, மூன்றையும் அள்ளிக்கொண்டு மேலே வந்தாள். மூன்றின் ஓரத்தையும் பிரித்தாள். இறக்கின ஒரு விரலை உள்ளே ஏற்றி மடித்தாள். தைத்தாள். வினிகர் தெளித்தாள். இஸ்திரி போட்டாள். கண்ணிலிருந்து விழுந்த தண்ணீரும் துணியில்தான் விழுந்தது, அதன்மேலும் இஸ்திரிப்பெட்டி போனது.

கீழே கொண்டுபோனபோது மகள் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். பெரியவள் பயணத்துக்குச் சாம்பல் கவுனை எடுத்து, உள்ளே போய் மாட்டிக்கொண்டு வந்தாள். ஓரம் கணுக்காலோடு நின்றது. குனிந்து பார்த்தாள். பிறகு கவுனின் கைப்பகுதியைத் தூக்கி முகர்ந்தாள், ஓரத்தைத் தூக்கியும் முகர்ந்தாள். சின்னவள் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"அதே புளிப்பு வாடை," என்றாள் பெரியவள். "டேப்பு இருக்கா?"

டேப்பு கழுத்தில்தான் கிடந்தது.

"அள."

சின்னவள் அளந்தாள். மண்டியிட்ட இடத்திலிருந்து எழவில்லை.

"சொல்லு."

"அதே அளவுதாங்க்கா."

"எதே?"

"எப்பவும் இருக்கறதே. அன்னைக்கும் இதேதான் இருந்துச்சு. நான்தான் கம்மின்னு சொன்னேன். ஓரத்தையும் நான்தான் இறக்கினேன்."

பெரியவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நான் செத்துக்கிட்டிருக்கேன்னு நெனைச்சேன்டி," என்றாள். "உன் டேப்பை நம்பினேன். ஒவ்வொரு அடியும் பயந்து பயந்து வச்சேன். ஏன்டி இப்படிப் பண்ணினே?"

"உங்களுக்குப் பார்சல் வருது," என்றாள் சின்னவள். "எனக்கு வரல."

வெளியே வந்துவிட்ட பிறகுதான் அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று தெரிந்தது. பெரியவள் சிரிப்பாள், அல்லது எழுந்து வந்து அறைவாள் என்று எதிர்பார்த்தாள். இரண்டும் நடக்கவில்லை. பெரியவள் பக்கத்து மேஜையில் இருந்த டின்னைத் திறந்தாள்.

"வயித்துக்கு ஒத்துக்காதுன்னு சொன்னியே. அதுவும் பொய்தானே?"

சின்னவள் தலையாட்டினாள்.

"வாயைத் திற."

பழம் இனித்தது. லேசாகப் புளித்தது. இத்தனை மாதமும் இதைத்தானா வேண்டாம் என்று சொன்னோம் என்று சின்னவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. கொட்டையைத் துப்பலாம் என்று தேடினாள், கொட்டை இல்லை. அழுதுகொண்டே மென்றாள்.

மகள் கார்ச் சாவியோடு உள்ளே வந்தாள். "கிளம்பலாமாம்மா?"

"நான் வரல," என்றாள் பெரியவள்.

"என்னம்மா விளையாடறீங்களா? உயரம் குறையுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இவ டேப்பு பழசு, இழுபட்டுப் போயிருக்கு. சரியா அளந்தா ஒண்ணும் குறையல. போய் அந்தப் பெட்டியை இறக்கு." பெரியவள் எழுந்து நின்றாள், சுவரைத் தொடாமல். "அப்புறம், அடுத்த மாசத்துலேர்ந்து ரெண்டு பார்சலா அனுப்பு. ஒண்ணுல உன் சித்தி பேரை எழுது. மேல்வீடுன்னு போடு, என் பேருல சேர்த்து அனுப்பாதே."

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பல் டாக்டருக்கு வாயைத் திறக்கவைக்கத் தெரியும், ஆனால் இந்த இரண்டு வாயிலிருந்தும் ஒன்றும் வராது என்று புரிந்துகொண்டு பெட்டியை இறக்கப் போனாள்.

அடுத்த மாதம் பார்சல்காரர் கீழ்வீட்டு மணியை அடித்தார். பிறகு படியேறி வந்து மேல்வீட்டு மணியையும் அடித்தார். சின்னவள் கையெழுத்துப் போட்டாள். பெட்டிமேல் இருந்த தன் பெயரை ஒரு தரம் படித்தாள், கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தாள். அட்டையைக் கிழிக்க மனசு வராமல் ஓரமாகப் பிரித்தாள்.

மத்தியானம், "உள்ள இடம் இருக்கா?" என்ற குரல் வந்தது. பெரியவள் தன் டின்னையும் எடுத்து வந்திருந்தாள். டீ ஆறிக்கொண்டிருக்க, அவள் கை கழுவ உள்ளே போனாள். திரும்பி வந்தபோது சின்னவள் மெஷின் மேஜையில் இரண்டு டின்னையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்து, டேப்பால் உயரம் அளந்துகொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே?"

"ஒண்ணுமில்லக்கா," என்றாள் சின்னவள், டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு. "ரெண்டும் ஒரே அளவுதான்."

"இந்தத் தடவை நிஜமா அளந்தியா?"

"நிஜமா அளந்தேன்," என்றாள் சின்னவள். நிஜமாகத்தான் அளந்திருந்தாள், இரண்டு தடவை.